நாற்பத்தெட்டுக் கோழி

அரிசிம்பருப்புச் சோற்றின் நடுவே குழி பறித்து நெய் ஊற்றி, தட்டை மேசைமீது கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள் கயல்விழி. சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்பது புருஷனுக்குத் தெரிய வேண்டும்; அதே சமயம் ஒரேயடியாக இறங்கி வந்துவிட்டாள் என்றும் ஆகிவிடக் கூடாது. அந்தச் சத்தத்தில் இரண்டும் இருந்தன. இளவழகன் தட்டைப் பார்த்தான். இந்தச் சோறு ஆக்குகிறாள் என்று தெரிந்தால் நாமக்கல்லுக்குப் போன வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்காருகிறவன் அவன். நெய் உருகி ஓரத்துக்கு வழிவதைப் பார்த்தான், எதையோ விழுங்கப் போகிறவன் போலக் கழுத்தை முன்னால் நீட்டினான், முகத்தைச் சுளித்தான். பிறகு எழுந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டான்.

எழுந்து போனதுகூடப் பரவாயில்லை. முகம் சுளித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் ஆக்கிய சோற்றைப் பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு வந்துவிட்டதா?

"போங்க, போங்க. கோழித் தீவனத்தை அள்ளித் தின்னுங்க," என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வீட்டில் சண்டை என்றால் பாத்திரம் பறக்காது, குரல் உயராது. பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அவன் கூடுதலாகச் சாப்பாட்டையும் நிறுத்துவான்; அவன் சாப்பிடாவிட்டால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது என்று தெரிந்துதான் நிறுத்துவான். ஆனால் எப்பேர்ப்பட்ட சண்டையும் ஒரு பொழுதைத் தாண்டியதில்லை. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அதற்குமேல் கட்டுப்படியாகாது. மூன்றாம் நம்பர் கொட்டகையில் தண்ணீர் ஏறுகிறதா என்று யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டவர் தோற்றவர் என்று கணக்கில்லை, கோழிக்காகக் கேட்டது. பதில் சொன்னவரும் கோழிக்காகத்தான் சொன்னார். அப்படியே பேச்சு தண்ணீரிலிருந்து தீவனத்துக்கும், தீவனத்திலிருந்து முட்டை விலைக்கும் போய், கடைசியில் காப்பிக்கு வந்து நிற்கும். இருபது வருடக் குடித்தனத்தில் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு என்று கேட்டதே கிடையாது. எல்லாச் சண்டைகளையும் கோழிகளே தீர்த்து வைத்திருக்கின்றன.

இந்த முறை நான்கு நாளாகியும் அவன் கோழியைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. நேற்று அவளே ரோஷத்தை விட்டுவிட்டு, "லோடு வண்டி எப்ப வருதாம்?" என்று கேட்டதற்கு விரலைக் காட்டினான். ஜாடை! ஊமையிடம் பேசுவது போல அவளிடம் ஜாடை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவள் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தபோது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பி, சாக்கடை ஓரம் எச்சிலைத் துப்பினான். கட்டிலை விட்டுவிட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். இவ்வளவு வீம்பு பிடிக்க அவன் பக்கம் என்ன நியாயம் இருக்கிறது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. கோபப்பட வேண்டியவள் அவள் அல்லவா?

ஜலகண்டாபுரத்தில் அவளுடைய அக்கா மலர்விழி, தறியோட்டிச் சம்பாதித்துப் புதுவீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு விசேஷத்துக்கும் இருவரும் சேர்ந்து போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் கோழியோடு இருக்க வேண்டும். இந்த ஒருதடவை மட்டும் சேர்ந்து போவோம் என்று அவனேதான் சொன்னான். அதற்காக வளர்குஞ்சுகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியை ஒரு நாள் முன்னதாகவே ஆள் வைத்துப் போட்டு முடித்தான். புதுச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தான். அன்று வெடியாலே, இருட்டுப் பிரியும் முன்பே, அவள் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, பையோடு வந்து நின்றபோது பனியனோடு உட்கார்ந்திருந்தான். "நீ போ. நான் வரலே," என்றான். காரணம் இல்லை, சமாதானம் இல்லை, இரண்டே பேச்சு. அங்கே போனால் வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒருவர் பாக்கியில்லாமல், ஊட்டுக்காரர் வரலீங்களா என்று கேட்டார்கள். கோழிக்கு ஊசி போடுகிறார் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாள். போட்டு முடித்த ஊசியைப் போடுகிறார் என்று சொன்ன பொய் அவளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தவள் பேச்சை நிறுத்தினாள். அவன் அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தான்.

சோற்றை மூடி வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது செல்லியம்மாள் பின்வாசலுக்கு வந்தாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மணி, மூணாம் நம்பருல ஒரு கோழி சித்த டல்லா இருக்குதாட்டம் தெரியுதுங்க. மோட்டாரு போடறதுக்கு முன்னால கொர்ரு கொர்ருன்னு சத்தம் கேட்டுச்சுங்க."

பண்ணைக்காரர்கள் சீக்கு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒரு கொட்டகையில் சீக்கு என்று வெளியே தெரிந்தால் முட்டை வியாபாரி அடுத்த பண்ணைக்குப் போய்விடுவான், தீவன வண்டிக்காரன் கேட்டுக்கு வெளியிலேயே மூட்டையை இறக்கிவிட்டுப் போவான், பக்கத்துப் பண்ணைக்காரன் கல்யாண வீட்டில்கூட எட்டவே உட்காருவான். அதனால் டல் என்பார்கள். கோழி செத்து விழுந்தாலும் டல்தான். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

"அவருகிட்டச் சொன்னியா?"

"அவரைத்தான் தேடறேனுங்க. ஆளக் காணோம்."

சித்திரை வெயில் கொட்டகையின் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கோழிகளுக்கு மேலே குளிர்ச்சிக்காக நீர்த்தூவல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார் போடுகிற இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இளவழகன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். மோட்டாரை அணைப்பான், ரேடியோவை அணைப்பான், ஆட்களை வெளியே அனுப்புவான். கூண்டு வரிசையின் தலைப்பில் காதை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பான். ஆயிரக்கணக்கான கோழிகளின் கொக்கரிப்புக்குள் சளி பிடித்த ஒரே ஒரு கோழியின் மூச்சு அவனுக்குத் தனியாகக் கேட்கும். நேராகப் போய் அந்தக் கூண்டில் கையை விடுவான். மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாலும் கேட்காத காது அது.

அவள் போய் மோட்டாரை அணைத்தாள். அவனைப் போலவே காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கேட்டது. இழுத்து, தடுக்கி, மறுபடியும் இழுக்கிற ஒரு மூச்சு. சளி வெகுவாகக் கட்டிய மூச்சு. அவள் கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கோழிகள் தலையை நீட்டி நீட்டி அவளைப் பார்த்தன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. போகப் போகச் சத்தம் கூடியது. வரிசை முடிந்தது, கூண்டுகள் முடிந்தன, சத்தம் மட்டும் முடியவில்லை. அது தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

இளவழகன் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் குனிந்து, வாயைத் துண்டின்மேல் வைத்திருந்தான். துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. இடப்பக்கத் தாடைக்குக் கீழே கழுத்து புடைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் அவன் எங்கிருந்தோ இழுத்து வருவது போல இழுத்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மூட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க! என்னாச்சுங்க?" நெற்றியில் கை வைத்தாள், கொதித்தது. "என்ற சாமி, வாயத் தொறந்து சொல்லுங்க!"

அவன் வாயைத் திறந்தான். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. வாய்க்குள் சுடச்சுட அவித்த முட்டையை வைத்துக்கொண்டு பேசுகிறவனின் குரலில் சொன்னான்:

"ஒண்ணுமில்ல கயலு. சித்த டல்லா இருக்குது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் பக்கத்தில் மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. கோழிக்குச் சளி கண்டால் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிற மருந்து. அளக்கிற மூடி திறந்து ஈரமாகக் கிடந்தது.

"இதையா குடிச்சீங்க?"

அவன் தலையை ஆட்டினான். கழுத்து திரும்பாததால் உடம்போடு சேர்த்து ஆட்டினான்.

வெளியே கதிர் வேனில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் பண்ணைக்கு வழக்கமாக வண்டி ஓட்டுகிறவன். விஷயத்தைப் பார்த்ததும் கட்டிய கயிற்றை அப்படியே விட்டுவிட்டு முன்கதவைத் திறந்தான். இளவழகன் பின்னால் இருந்த லோடைக் காட்டிக் கையை ஆட்டினான்.

"முட்டை எங்கயும் ஓடிப் போயிராதுங்க. ஏறுங்க நீங்க," என்றான் கதிர்.

நாமக்கல் போய்ச் சேரும்வரை முட்டை அட்டைகள் பின்னால் கடகடத்துக்கொண்டே வந்தன. கதிர் வேகமாகவும் போக முடியாமல், மெதுவாகவும் போக மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். கயல்விழி கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றன. அவன் சாப்பாட்டை ஒதுக்கவில்லை, விழுங்க முடியாமல் இருந்திருக்கிறான். முகம் சுளித்தது சோற்றைப் பார்த்து அல்ல; வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிய வலி. அவளைப் பார்த்துத் துப்பவில்லை, சொந்த எச்சில் தொண்டையில் இறங்காமல் துப்பியிருக்கிறான். படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் தூங்கியிருக்கிறான். ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டால் கண்டுபிடிக்கிற வீட்டில், மனுஷன் ஒருவன் கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்ததை வீம்பு என்று நினைத்தாளே! அவளுக்கு அழுகை வந்தது. கதிர் பார்ப்பான் என்றெல்லாம் யோசிக்காமல் அழுதாள். இளவழகன் ஈரத் துண்டின் காய்ந்த முனையைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினான்.

காது மூக்குத் தொண்டை டாக்டர் ஷைமா சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண். முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி அவனைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டாள். மூச்சுச் சத்தம் அவளுடைய அறைக்குள்ளேயே கேட்டிருந்தது. திறக்காத வாய்க்குள் பொறுமையாக விளக்கை அடித்து, நாக்கை மெல்ல அழுத்திப் பார்த்தாள். பிறகு கயல்விழியைக் கிட்டே அழைத்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. உள்நாக்கு நடுவுல நேராத் தொங்கணும். இவருக்கு வலப்பக்கம் தள்ளிட்டு நிக்குது, தெரியுதா? இடப்பக்கத்து டான்சிலுக்குப் பின்னாடி சீழ் கட்டியிருக்கு. அதுதான் எல்லாத்தையும் இந்தப் பக்கம் தள்ளுது. தாடைச் சதையும் இறுகிப்போச்சு, அதான் வாய் திறக்கல. காது வலிக்குதா சார், அந்தப் பக்கம்?"

அவன் ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தான்.

"இதுக்கு முன்னாடி தொண்டைவலி வந்திருக்கா?"

"வருசா வருசம் மழைக்கு வந்துருமுங்க," என்றாள் கயல்விழி. "மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிக்குவாரு. வலி நின்னா மாத்திரையையும் நிறுத்திப்போடுவாரு. மிச்சம் அடுத்த வருசத்துக்கு ஆகுமுன்னு அலமாரியில வச்சிருப்பாரு."

"நிறைய பேர் பண்றதுதான். வலி நின்னுச்சுன்னா கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல. பதுங்கியிருந்துட்டு மறுபடி வரும். இந்த வாட்டி வெளியில வராம உள்பக்கமா இறங்கிடுச்சு. இப்ப என்ன மருந்து சாப்பிட்டார்?"

கயல்விழி கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். பண்ணையில் எந்த மருந்து போகிறது என்று வெளியாளிடம் சொல்வதில்லை. அதுவும் ஒரு பழக்கம். அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, மானம் போனால் போகிறது என்று, கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் எடுத்து, அதன்மேல் இருந்த கோழிப் படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து இளவழகனைப் பார்த்தாள்.

"இதை எந்தக் கணக்குல குடிச்சீங்க?"

இளவழகன் ஒரு கையில் நான்கு விரலைக் காட்டினான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து எட்டு விரலைக் காட்டினான். டாக்டருக்கு விளங்கவில்லை. கயல்விழிக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்தக் கணக்கை அவன் போடும் விதம் அவளுக்குப் பழக்கம்.

"ஒரு கோழி ஒண்ணரைக் கிலோங்க டாக்டரம்மா," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "இவரு எழுபத்திரண்டு கிலோ. அப்ப இவரு நாப்பத்தெட்டுக் கோழிங்க. நாப்பத்தெட்டுக் கோழிக்குண்டான மருந்தக் குடிச்சிருக்கறாரு."

ஷைமா உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் பாட்டிலையே பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா என்று தெரியவில்லை. "கணக்கு சரிதான் சார்," என்றாள் கடைசியில். "ஆனா நீங்க கோழி இல்ல. கோழி உடம்பு வேற, இது வேற. இது காய்ச்சலைப் பாதி அமுக்கிக் காட்டியிருக்கும், உள்ள கட்டி பாட்டுக்கு வளர்ந்திருக்கு. கல்லீரல், சிறுநீரகம் ரெண்டும் எப்படி இருக்குன்னு ரத்தம் எடுத்துப் பார்த்துடுறேன். அதுக்கு முன்னாடி சீழை எடுக்கணும். வாய் வழியா ஊசி விட்டு உறிஞ்சிட்டு, சின்னதா ஒரு கீறல். இப்பவே."

ஊசி என்றதும் இளவழகன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். லட்சக்கணக்கான கோழிகளுக்கு ஊசி போட்டவன். கொரோனா ஊசி முகாமில் வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுந்து மொத்த ஊருக்கும் சிரிப்புக் காட்டியவனும் அவன்தான். மாத்திரை கொடுங்கள் என்று கையால் காட்டினான். கதவுப் பக்கம் நகர்ந்தான்.

ஷைமா அவனிடம் பேசவில்லை. கயல்விழியைப் பார்த்துத்தான் சொன்னாள். "அக்கா, நான் பயமுறுத்தறதுக்குச் சொல்லல. வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடினா மூச்சு அடைச்சுக்கும். இல்லைன்னா தூங்கறப்ப கட்டி தானா உடைஞ்சு நுரையீரலுக்குள்ள போயிடும். கழுத்து வழியா நெஞ்சுக்கும் இறங்கும். ஆளு போயிடுவாரு. எடுத்துட்டோம்னா, ஒரு மணி நேரத்துல நிம்மதியா மூச்சு விடுவார். அவர் அசையாம இருக்கணும், அது ஒண்ணுதான் வேணும். அசைஞ்சா பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது."

ஆள் போய்விடுவார். அவ்வளவு லேசான சொற்கள். கயல்விழி போய்க் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அவனுடைய கண்கள் ஊசிக்குப் பிடித்த கோழியின் கண்கள் போல விரிந்து நிலைகொள்ளாமல் இருந்தன.

கல்யாணமாகி வந்த புதிதில் கோழியைத் தொடவே அவளுக்குப் பயம். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியும், உயிரைப் பிடிக்கத் தெரியாது. முதல் தடுப்பூசி நாளில் அவள் பிடித்த கோழிகள் எல்லாம் துடித்துக் கை நழுவி ஓடின. ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு கோழியை எடுத்து அவள் கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்குத்தான் அவன்மேல் அவளுக்கு ஆசை வந்தது. இதுவரை அவனிடம் அதைச் சொன்னதில்லை.

"ஏனுங்க, எனக்குக் கோழி புடிக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்குதா?" என்றாள். "இறுக்கிப் புடிச்சாத் துடிக்கும், நெஞ்சுக்கடியில கையக் குடுத்து உன்ற மேல சாச்சுக்கோ, கண்ண மறைச்சுரு, அப்பறம் அதுக்குப் பயமே தெரியாதுன்னு சொன்னீங்க. நான் புடிச்ச கோழி அதுக்கப்பறம் ஒண்ணு துடிச்சிருக்குதா?"

அவன் அவளைப் பார்த்தான். மூச்சு கொர்ரென்று இழுத்தது.

"வாங்க. நாந்தான புடிக்கறேன்."

அவன் வந்து உட்கார்ந்தான். நர்ஸ் தலையைப் பிடிக்க வந்தாள்; கயல்விழி வேண்டாம் என்று அவளே நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு கையை அவனுடைய மார்பில் கொடுத்து அணைத்து, தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். இன்னொரு கையால் இரண்டு கண்களையும் மூடினாள். அவன் இமைகள் உள்ளங்கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டன, பிறகு மெல்ல அடங்கின. மரத்துப்போக மருந்தடித்தார்கள், அதன் கசப்பில் அவன் உடம்பு குலுங்கியது. ஷைமா காத்திருந்தாள். பிறகு கையை உள்ளே கொண்டுபோனாள். கயல்விழி ஊசியைப் பார்க்கவில்லை, அவனுடைய நெஞ்சுமேல் இருந்த தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்கு அடியில் அவன் இதயம் தறிகெட்டு ஓடியது. ஆனால் அவன் அசையவில்லை. உயிர் போகிற வலியிலும் அசையவில்லை.

"வந்துடுச்சு," என்றாள் ஷைமா.

ஊசிக்குழல் மஞ்சளாக நிறைந்தது. மறுபடியும் ஒருமுறை நிறைந்தது. பிறகு கீறல். அவன் குனிந்து தட்டில் துப்பினான். அந்த நாற்றத்தில் நர்ஸே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கயல்விழி திருப்பவில்லை. வந்து விழுந்தது அத்தனையையும், இன்னும் வரட்டும், எல்லாம் வந்துவிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொப்பளித்துவிட்டு அவன் நிமிர்ந்தபோது அவன் மூச்சு இழுக்காமல், தடுக்காமல் தானாக உள்ளே போனது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு மூச்சை வேண்டுமென்றே இழுத்துப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான். விழுங்கிவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தான்.

"மூணாம் நம்பருல," என்றான். குரல் கரகரத்தது, ஆனால் அவனுடைய குரல். "மோட்டாரு ஓடுதா?"

அவள் சத்தம் கேட்பதற்காக அணைத்த மோட்டாரைத் திரும்பப் போடவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் செல்லியம்மாள், தான் அப்போதே போட்டுவிட்டதாகவும், கோழியெல்லாம் நன்றாக இருப்பதாகவும் கத்திச் சொன்னது டாக்டருக்கும் கேட்டது.

"ஓடுதாமுங்க," என்றாள் கயல்விழி. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோழி வந்து தீர்த்துவைத்துவிட்டது.

சொட்டு மருந்து ஏற்றுவதற்காக வார்டில் படுக்க வைத்தார்கள். மருந்தை முழுசாக முடிக்க வேண்டும், ஒன்றரை மாதம் கழித்து வந்து டான்சிலை எடுத்துவிடுவது நல்லது, அலமாரியில் இருக்கிற மிச்ச மாத்திரைகளை எல்லாம் தூர எறிய வேண்டும் என்று ஷைமா சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். வெளியே போகும்போது மட்டும் அவள் நின்று, "நாப்பத்தெட்டுக் கோழி," என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்து, வலித்து, தாடையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை தம்ளரில் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கயல்விழி கேட்டாள்.

"அக்கா ஊட்டுக்குக் கிளம்புன அன்னிக்கே வலி இருந்துச்சா?"

"ம்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? எனக்குமா டல்லு? நான் என்ன முட்டை யாவாரியா?"

அவன் ஒரு மடக்கு விழுங்கினான். விழுங்குவது இன்னும் சுலபமாக இல்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "சொல்லியிருந்தா நீயும் போயிருக்கமாட்டே. பட்டுச் சீலைய அவுத்துப் போட்டுட்டுக் கஞ்சி காச்ச உக்காந்திருப்பே. உங்கக்காளுக்கு நீ ஒருத்திதான பொறந்த பொறப்பு."

அவள் தம்ளரை வாங்கி ஆறிய கஞ்சியை மறுபடியும் ஆற்றினாள். அன்று அக்கா வீட்டு வாசலில் எத்தனை பேரிடம் அவனை மனதுக்குள் வைதுகொண்டே சிரித்தாள் என்பது நினைவுக்கு வந்தது. அவன்மேல் கோபம் வந்தது, அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வார்டில் ஆட்கள் இருந்ததால் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மத்தியானம் அவன் தூங்கினான். நாற்காலியில் அல்ல, கட்டிலில், முதுகு படியப் படுத்துத் தூங்கினான். மூச்சில் சத்தம் ஏதாவது கேட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கயல்விழி பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது; கண்ணால் பார்த்தது அவளுக்குப் போதவில்லை. எழுந்து போய் விசிறியை அணைத்தாள்.

"ஏனுங்க, இந்த வேக்காட்டுல எதுக்குங்க அமத்துனீங்க?" என்றாள் அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த பெண்.

கயல்விழி திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினாள். இறக்கைகள் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நின்றன. கட்டிலின் தலைமாட்டில், தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு அவள் நின்றாள். கேள்வி கேட்ட பெண்ணும் என்ன ஏது என்று தெரியாமலே விசிறிக்கொண்டிருந்த அட்டையை மடியில் இறக்கி வைத்துவிட்டு, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.